பீன்யா பட்டறையில நோட்-ரெட்: ஏழு மாசம் ஓட்டுன அனுபவம்

மொதல்லயே சொல்லிடறேன், நான் சாஃப்ட்வேர் வேலை பாக்குற ஆளு இல்ல. டிப்ளமோ எலக்ட்ரிகல் படிச்சேன், ஊரு தர்மபுரி பக்கம், பெங்களூரு பீன்யால ஒரு ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறையில ஒம்போது வருஷமா மெயின்டனன்ஸ் பாக்குறேன். நோட்-ரெட்னா வேற வேற மெஷினையும் சாஃப்ட்வேரையும் ஒண்ணோட ஒண்ணு பேச வெக்கற ஒரு சாஃப்ட்வேர். அதைப் பத்தி தேடினா வர்றதெல்லாம் வீட்டு லைட்டை போன்ல ஆன் பண்றது, செடிக்கு தண்ணி விடறது இந்த மாதிரிதான் இருக்கு, ஒரு சின்ன பட்டறையில பில்லு போடற வேலைக்கு இதை நம்பலாமா வேணாமான்னு தமிழ்ல எழுதினவங்க யாரும் என் கண்ணுல படல, அதான் நானே எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும்.

எங்க வேலை ஜாப் ஒர்க். கஸ்டமர் கியர், ஷாஃப்ட், பின்னுனு கிரேட் பெட்டில போட்டு அனுப்புவாங்க, நாங்க எடை போட்டு இறக்குவோம், ஃபர்னஸ்ல ஏத்தி ஹார்டனிங் (சூடாக்கி கெட்டியாக்கறது), டெம்பரிங் (அப்புறம் கொறைஞ்ச சூட்டுல பதப்படுத்தறது) பண்ணி திருப்பி அனுப்புவோம், பில்லு கிலோ கணக்கு. பில்லோட சேர்த்து அந்த சார்ஜ், அதாவது ஒரு தடவ ஃபர்னஸ்ல ஏத்தின சரக்கு, எத்தனை டிகிரில எவ்ளோ நேரம் இருந்துச்சுன்னு சார்ட்டும் கேப்பாங்க. அதாவது எடை ஒரு இடத்துல, டெம்பரேச்சர் ஒரு இடத்துல, பில்லு ஆபீஸ்ல டேலிங்கற அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர்ல. இந்த மூணையும் சேர்த்து வெச்சிருந்தது ஒரு நோட்டு, ஒரு பேனா, அப்புறம் எங்க அக்கவுண்ட்ஸ் அக்கா. தராசு மேடையில எழுதுன சீட்டை சாயங்காலம் உக்காந்து ஒண்ணொண்ணா டேலில அடிப்பாங்க, கிரீஸ் கறை பட்ட சீட்டுல 1-ஆ 7-ஆன்னு எங்கிட்ட போன் போட்டு கேப்பாங்க, ராத்திரி எட்டு மணிக்கு முன்னாடி அவங்க கெளம்பி நான் பாத்ததே இல்ல.

மூணு மெஷினும் கம்ப்யூட்டர்தானே, ஒண்ணோட ஒண்ணை கோத்துவிட்டா முடிஞ்சுதுன்னுதான் நானும் நெனச்சேன். கிட்ட போய் பாத்தாதான் தெரிஞ்சுது, மூணும் மூணு பாஷை. தராசு இண்டிகேட்டர் பின்னாடி ஒம்போது பின் ஆர்எஸ்-232 போர்ட்டு, யாரு கேட்டாலும் கேக்கலைன்னாலும் ஒரு செகண்டுக்கு பல தடவ எடையை வரிவரியா கத்திக்கிட்டே இருக்கும். ஃபர்னஸ் கண்ட்ரோலர் அதுக்கு நேர் எதிர், ஆர்எஸ்-485 ஒயர்ல மோட்பஸ் பேசும், நாம கேட்டாதான் பதில் சொல்லும், அதுவும் இந்த நம்பர் ரெஜிஸ்டரைக் (மதிப்பு வெச்சிருக்கற அறை) குடுன்னு சரியா கேட்டாதான். மோட்பஸ் 1979-ல மோடிகான் கம்பெனி பிஎல்சிக்காக (மெஷினை ஓட்டற கண்ட்ரோல் கம்ப்யூட்டர்) கொண்டு வந்தது, என்னை விட வயசுல மூத்தது, இன்னும் பீன்யால நெறைய பேனல் அதை வெச்சுதான் ஓடுது. டேலிக்கு இது ரெண்டும் புரியாது, அதுக்கு எக்ஸ்எம்எல்ங்கற எழுத்து வடிவத்துல எழுதி 9000-ம் நம்பர் நெட்வொர்க் போர்ட்ல, வெப்சைட் பேசற அதே எச்டிடிபி வழியா குடுக்கணும். மின்சாரமே வேற, வேகமே வேற, யாரு மொதல்ல பேசணுங்கற மரியாதையே வேற.

நடுவுல ஒரு ஆள் வேணும். அந்த நடு ஆளைத்தான் மிடில்வேர்னு சொல்றாங்க, 1968-ல ஜெர்மனி கார்மிஷ்ல நேட்டோ நடத்துன சாஃப்ட்வேர் கூட்டத்தோட அறிக்கையிலயே அந்த வார்த்தை வந்திருக்கு, அப்ப நம்ம பிரச்சனை ஒண்ணும் புதுசு இல்ல.

ஒரு கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டு கேட்டோம், பேரு வேணாம், மூணரை லட்சமும் அதுக்கு மேல வருஷா வருஷம் ஏஎம்சியும் (பராமரிப்பு காசு) சொன்னாங்க. ஓனர் மூஞ்சியைப் பாத்துட்டு நானே ட்ரை பண்றேன் சார்னு சொல்லிட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை மெட்ரோ பச்சை லைன் புடிச்சு சிக்பேட்டைல எறங்கி எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்பி ரோட்டுக்கு நடந்து போய் ஒரு ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர், ரெண்டு யூஎஸ்பி கன்வர்ட்டர், ஒண்ணு 232-க்கு ஒண்ணு 485-க்கு, கேபிள், ஒரு ப்ளாஸ்டிக் பெட்டி, எல்லாம் சேர்த்து பதினோராயிரத்துக்குள்ள முடிஞ்சுது. நோட்-ரெட் இலவசம், அப்பாச்சி 2.0 லைசென்ஸ், வியாபாரத்துக்கு யூஸ் பண்ணாலும் யாருக்கும் ஒண்ணும் கட்ட வேணாம்.

நோட்-ரெட் பத்தி இன்னும் ரெண்டு வரி. 2013-ல ஐபிஎம்ல நிக் ஓ'லியரி, டேவ் கான்வே-ஜோன்ஸ்னு ரெண்டு பேரு சைடு ப்ராஜெக்டா ஆரம்பிச்சது, எம்க்யூடிடிங்கறது மெஷினுக்கு மெஷின் மெசேஜ் அனுப்பற ஒரு முறை, அந்த மெசேஜ் எதுலருந்து எதுக்குப் போகுதுன்னு ஸ்க்ரீன்ல படமா பாக்கறதுக்காக பண்ணாங்க, அதே வருஷம் ஓப்பன் சோர்ஸா குடுத்துட்டாங்க. ப்ரௌசர்ல 1880 போர்ட்ல திறக்கும், இடது பக்கம் சின்னச் சின்ன கட்டங்கள் இருக்கும், ஒண்ணை இழுத்து நடுவுல போட்டு அடுத்ததோட ஒயர் இழுத்து சேர்த்தா மெசேஜ் அதுல ஓடும். பேனல் ஒயரிங் பண்ண கைக்கு இது உடனே புடிபட்டுருச்சு, சர்க்யூட் டயக்ராம் மாதிரியே இருக்கு. எந்த ஒயர்ல என்ன ஓடுதுன்னு பாக்கணும்னா ஒரு டீபக் கட்டத்தை மாட்டுனா போதும், டெஸ்ட் லாம்ப் வெக்கற மாதிரி. இதோட பெரிய பலம்னு என்னைக் கேட்டா இதைத்தான் சொல்வேன், மெசேஜ் எங்க நிக்குதுன்னு கண்ணால பாக்கலாம்.

தராசு ஒரே நாள்ல வந்துருச்சு. எங்க இண்டிகேட்டர் ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி எஸ்டி (ST) இல்லன்னா யூஎஸ்னு (US) போடும், எடை ஆடாம நின்னுருச்சுன்னா எஸ்டி, ஆடிக்கிட்டிருந்தா யூஎஸ். மொத நாள் நான் அதைக் கவனிக்காம வர்ற நம்பரை அப்படியே எடுத்துட்டேன், கிரேட்டை ட்ராலில இருந்து எறக்கற நேரத்துல தட்டுன எடையெல்லாம் உள்ள வந்துருச்சு. அப்புறம் எஸ்டி வந்தா மட்டும் உள்ள விடு, அதுவும் மேடையில ஆளு பட்டன் அமுக்கினப்புறம்தான் எடுன்னு மாத்தினேன். கிரேட் எடையைக் கழிக்கறதும் அங்கயே.

ஃபர்னஸ்தான் படுத்தி எடுத்துச்சு. ரெண்டு ஃபர்னஸ், ரெண்டு வேற கண்ட்ரோலர். ஒண்ணு 850 டிகிரின்னா 8500-னு அனுப்பும், பத்தால வகுக்கணும், அது ஈசி. மேனுவல்ல ரெஜிஸ்டர் 40001-னு போட்டிருப்பாங்க, நோட்-ரெட் மோட்பஸ் கட்டத்துல அதுக்கு 0-னு போடணும், இது தெரியாம ஒரு முழு நாள் பக்கத்து ரெஜிஸ்டரைப் படிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னொரு கண்ட்ரோலர் டெம்பரேச்சரை ஃப்ளோட்டா (புள்ளி வெச்ச எண்) அனுப்பும், அதுக்கு 32 பிட் வேணும், மோட்பஸ்ல ஒரு ரெஜிஸ்டர் 16 பிட்தான், அதனால ரெண்டு ரெஜிஸ்டர்ல பாதி பாதியா வரும். எந்தப் பாதி மொதல்லங்கறதுல கம்பெனிக்கு கம்பெனி வேற வழக்கம். அதை மாத்திப் போட்டா 850-ங்கறது ஸ்க்ரீன்ல கிட்டத்தட்ட பூஜ்யமா வருது, கதவு இடுக்குல பாத்தா ஃபர்னஸ் செக்கச்செவேல்னு எரியுது, ஸ்க்ரீன் 0.00-ங்குது. சென்சார் போயிருச்சு, கேபிள் போயிருச்சுன்னு தெர்மோகப்பிள் வரைக்கும் கழட்டி மாட்டிட்டேன், கடைசில பாத்தா ரெண்டு பாதியையும் இடம் மாத்தினா போதும். 485 ஒயர் போடறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், ஒயரை நட்சத்திரம் மாதிரி நாலா பக்கமும் பிரிக்காதீங்க, ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு வரிசையா கொண்டு போங்க, ரெண்டு கடைசிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் போடுங்க, ஃபர்னஸ் காண்டாக்டர் (பெரிய மின்சார சுவிட்ச்) அடிக்கறப்ப டேட்டா கெட்டுப் போறது எங்களுக்கு அதுல பாதியா கொறஞ்சுது.

டேலி பக்கம் செட்டிங்ல அதை சர்வர் மாதிரி வேலை செய்யச் சொல்லிட்டா 9000-ல கேக்க ஆரம்பிச்சுரும், கம்பெனி மட்டும் திறந்து இருக்கணும். வவுச்சரை (டேலில ஒரு பில்லோட பதிவு) எக்ஸ்எம்எல்லா எழுதி அனுப்பினா உள்ள ஏறிடும். மொத வவுச்சர் ஏறினப்ப அக்கா நாற்காலியைத் திருப்பி என்னைப் பாத்தாங்க பாருங்க, அன்னைக்கு நான் சாப்பிட்ட டீ மாதிரி ஒரு டீ அப்புறம் சாப்பிடல.

இதுவரைக்கும் சொன்னது மொழிபெயர்ப்பு. நோட்-ரெட் அதை அருமையா பண்ணுது, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா நடுவுல நிக்கற ஆளுக்கு மொழிபெயர்ப்பு பாதி வேலைதான்னு எனக்குப் புரிஞ்சது ரெண்டாவது மாசம்.

ஒரு மதியம் ஏரியாவுல கரண்ட் போச்சு. பட்டறைக்கு ஜெனரேட்டர் இருக்கு, தராசு, ஃபர்னஸ் எல்லாம் திரும்ப ஓட ஆரம்பிச்சுருச்சு, ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் ஆஃப் ஆனது ஆனபடியே இருந்துச்சு, அக்கா அன்னைக்கு அரை நாள் லீவு. மேடையில பசங்க பட்டன் அமுக்கிக்கிட்டே இருந்தாங்க, நோட்-ரெட் எடையை எடுத்து எக்ஸ்எம்எல் எழுதி டேலிக்கு அனுப்பிக்கிட்டே இருந்துச்சு, அந்தப் பக்கம் வாங்கிக்க யாருமே இல்ல. பதினோரு சீட்டு போச்சு. நோட்-ரெட் சரியாத்தான் பிழைன்னு சொல்லியிருக்கு, அந்தப் பிழையைப் புடிச்சு என்ன பண்ணணும்னு நான்தான் எழுதல. கஸ்டமர் டிசியை (சரக்கோட வர்ற டெலிவரி சலான்) வெச்சு எப்படியோ தேடி எடுத்தோம், ஒண்ணு மட்டும் இன்னும் சந்தேகம்.

சரி, பதில் வரலைன்னா திரும்ப அனுப்புன்னு மாத்தினேன். அஞ்சு செகண்டு பாக்கும், பதில் இல்லையா, திரும்ப அனுப்பும். அடுத்த வாரமே ஒரு கஸ்டமர் போன் பண்ணி ஒரே சரக்குக்கு ஏன் ரெண்டு பில்லுனு கேட்டாரு. நடந்தது என்னன்னா அக்கா பெரிய ரிப்போர்ட் ஒண்ணு எடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க, டேலி பில்லை வாங்கி ஏத்திருச்சு, பதில் சொல்ல மட்டும் லேட்டு, நான் அதுக்குள்ள அவசரப்பட்டு இன்னொண்ணை அனுப்பிட்டேன். தொலைஞ்சு போன சீட்டாவது நமக்குத்தான் நஷ்டம், ரெண்டு தடவ போன பில்லு கஸ்டமர்கிட்ட நம்ம பேரையே கெடுக்கும். எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல.

இந்த எடத்துல எங்க சூப்பர்வைசர் அண்ணனைப் பத்தி சொல்லணும். ஓனர் கன்னடம், ஃபர்னஸ்ல நிக்கற பசங்க ஒடிசா, பீகார், அவங்களுக்கு இந்தி, எனக்கும் அக்காவுக்கும் தமிழ். அண்ணனுக்கு எல்லாம் வரும். ஓனர் கன்னடத்துல "நூற எம்பத்து"ன்னா அண்ணன் பையன்கிட்ட இந்தில "ஏக் சௌ அஸ்ஸீ"ன்னு சொல்லிட்டுப் போயிட மாட்டாரு, நீ சொல்லுன்னு பையன் வாயால திருப்பிச் சொல்ல வெப்பாரு, அப்புறம் கண்ட்ரோலர்ல செட் பாயிண்ட் 180 வந்துருச்சான்னு எட்டிப் பாப்பாரு, அதுக்கப்புறம்தான் ஓனர்கிட்ட "ஆயித்து சார்"னு சொல்வாரு. டெம்பரிங் 180-க்கு பதிலா 280-ல போனா அந்த சார்ஜ் முழுக்க ஹார்ட்னஸ் கொறஞ்சு ரிஜெக்ட். ஒம்போது வருஷமா கண்ணு முன்னாடி பாத்துக்கிட்டிருக்கேன், இதையே நோட்-ரெட்ல பண்ணணும்னு எனக்குத் தோணவே இல்ல.

மெஷின் உலகத்துல இதை ரொம்ப நாள் முன்னாடியே யோசிச்சிருக்காங்க. மோட்பஸ்ல ஒவ்வொரு செய்திக்கும் பின்னாடி 16 பிட் சிஆர்சினு ஒரு சரிபார்க்கற எண் ஒட்டி வருது, வழியில ஒரு பிட் மாறினாலும் வாங்கறவன் கண்டுபுடிச்சு தூக்கிப் போட்டுருவான். எம்க்யூடிடி 1999-ல பாலைவனத்து எண்ணெய் குழாயை சாட்டிலைட் வழியா கண்காணிக்கறதுக்காக வந்தது, அதுல மூணு நெலை வெச்சிருக்காங்க: ஒரு தடவ அனுப்புவேன் போனா போகட்டும், கண்டிப்பா போய்ச் சேரும் ஆனா ரெண்டு தடவ வந்தாலும் வரலாம், சரியா ஒரே ஒரு தடவதான் வரும். நான் மொத மாசம் பண்ணது ஒண்ணாவது, ரெண்டாவது மாசம் பண்ணது ரெண்டாவது, எனக்கு வேண்டியிருந்தது மூணாவது. ஆனா டேலி எம்க்யூடிடி பேசாது, அதனால அந்த மூணாவது நெலையை நானே கட்டணும்.

கட்டின விதம் இதுதான். பட்டன் அமுக்கின உடனே மொத வேலையா ஒரு சீட்டு நம்பரோட எடையை ராஸ்பெர்ரி பை-க்குள்ளயே எஸ்க்யூலைட்ங்கற சின்ன டேட்டாபேஸ்ல எழுதிடும், டேலி பத்தி அப்புறம்தான் பேச்சு. தனியா ஒரு ஃப்ளோ (ஒயர் இழுத்து சேர்த்த கட்டங்களோட தொகுப்பு) நிமிஷத்துக்கு ஒரு தடவ அனுப்பாத சீட்டு இருக்கான்னு பாக்கும். இருந்தா மொதல்ல டேலிகிட்ட இந்த சீட்டு நம்பர் ஏற்கனவே உன்கிட்ட இருக்கான்னு கேக்கும், இல்லன்னா மட்டும் அனுப்பும், அப்புறம் பதிலைப் படிக்கும். பதிலைப் படிக்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு, டேலி எச்டிடிபி அளவுல 200 ஓகேன்னுதான் சொல்லும், லெட்ஜர் பேரு தப்பா இருந்து வவுச்சர் ஏறலைன்னாலும் 200 ஓகேதான், உள்ள எக்ஸ்எம்எல்ல க்ரியேட்டட் 1-ஆ, எரர்ஸ் 0-வா, லைன்எரர்னு ஏதாச்சும் இருக்கான்னு நாமதான் பிரிச்சுப் பாக்கணும். எனக்கு பேருல & குறி இருக்கற கஸ்டமர் பில்லு மட்டும் ஏறாமலே இருந்துச்சு, எக்ஸ்எம்எல்ல & குறியை அப்படியே போடக் கூடாது. நோட்-ரெட் டெம்ப்ளேட் கட்டத்துல ரெண்டு வளைவு அடைப்பு போட்டா அதுவே மாத்தி எழுதிக்கும், மூணு போட்டா அப்படியே விட்டுரும், நான் எங்கயோ பாத்து மூணு போட்டு வெச்சிருந்தேன். க்ரியேட்டட் 1 வந்தாதான் இப்ப அந்த சீட்டுல பச்சை டிக், பத்து நிமிஷம் டிக் வரலைன்னா அக்கா டேபிள் மேல ஒரு சிவப்பு லைட்டு எரியும். ஆபீஸ்ல எல்லாரும் அந்த லைட்டை நிமிந்து நிமிந்து பாக்கறாங்க, ஸ்க்ரீன்ல வர்ற எந்த மெசேஜையும் இப்படிப் பாத்தது இல்ல.

இதுல நோட்-ரெட் பேருல நான் சொல்ல வர்ற குறை ஒண்ணு உண்டு. ஓடிக்கிட்டிருக்கற மெசேஜை அது தானா பத்திரப்படுத்தாது, ரீஸ்டார்ட் ஆனா நடுவுல இருந்தது போயே போச்சு. கட்டங்கள் ஞாபகம் வெச்சுக்கற கான்டெக்ஸ்ட் கூட சும்மா விட்டா மெமரிலதான் இருக்கும், செட்டிங்ஸ் ஃபைல்ல மாத்தினாதான் டிஸ்க்ல எழுதும். ஐபிஎம்லயே 1993-ல எம்க்யூசீரீஸ்னு ஒரு சாஃப்ட்வேர் வந்துச்சு, அந்தப் பக்கம் ஆள் இல்லைன்னாலும் மெசேஜை வெச்சிருந்து வந்தப்புறம் குடுக்கறதுதான் அதோட வேலையே, பேங்க்ல எல்லாம் அதனாலதான் அதுக்கு அவ்ளோ மதிப்பு. நோட்-ரெட் வேற சாதி, லேசானது, அதுல மெசேஜை காக்க வெக்கற அந்த வரிசை வேணும்னா நாமதான் கட்டணும். இது தெரிஞ்சு எறங்குனா பிரச்சனை இல்ல. ஒயர் இழுத்தேன், டீபக்ல பச்சையா வந்துச்சு, முடிஞ்சுதுன்னு நெனச்சா மாட்டிக்குவீங்க, நான் மாட்டிக்கிட்டேன்.

இன்னொண்ணு பாஸ்வேர்டு. இன்ஸ்டால் பண்ண உடனே எடிட்டருக்குப் பூட்டே கெடையாது, அதே வைஃபைல இருக்கற யாரு வேணாலும் 1880-ஐத் திறந்து ஒயரைப் புடுங்கலாம், மெஷின்ல கமாண்டே ஓட்டலாம். செட்டிங்ஸ் ஃபைல்ல அட்மின்ஆத்னு ஒரு பகுதி இருக்கு, மொத நாளே அதைப் போட்டுருங்க, அந்த போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து விடவே விடாதீங்க, வீட்டுல இருந்து பாக்கணும்னா விபிஎன் வழியா வாங்க. இன்னொரு முக்கியமான விஷயம், எங்க ஃப்ளோ ஃபர்னஸ்ல படிக்க மட்டும்தான் செய்யும், செட் பாயிண்ட் எழுதற வேலையை அதுக்குக் குடுக்கல, குடுக்கவும் மாட்டேன். அது கண்ட்ரோலர் முன்னாடி நிக்கற ஆளோட வேலை.

ராஸ்பெர்ரி பை-யோட எஸ்டி மெமரி கார்டு பத்தியும் சொல்லணும், திடீர் திடீர்னு கரண்ட் போற எடத்துல அதை நம்பாதீங்க, எனக்கு ஒண்ணு கெட்டுப் போச்சு, இப்ப சின்ன எஸ்எஸ்டி, ஒரு குட்டி யூபிஎஸ். ஃப்ளோ எல்லாம் ஒரே ஜேசன் ஃபைல்லதான் இருக்கு, வாரா வாரம் பென்ட்ரைவ்ல காப்பி எடுத்தா போதும், கார்டு போன அன்னைக்கு ஒன்றரை மணி நேரத்துல திரும்ப ஓட விட்டேன். கட்டம் நூறைத் தாண்டினா ஸ்க்ரீன் கெணத்துல விழுந்த கயிறு மாதிரி சிக்கலாயிரும், அதனால தராசுக்கு ஒரு டேப், ஃபர்னஸுக்கு ஒண்ணு, டேலிக்கு ஒண்ணுனு பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் கமெண்ட் கட்டம் போட்டு தமிழ்லயே எழுதி வெச்சிருக்கேன். நான் லீவுல ஊருக்குப் போயிருந்தப்ப அதைப் படிச்சுத்தான் பக்கத்து பட்டறை எலக்ட்ரீஷியன் தம்பி ஒரு கேபிள் கோளாறை சரி பண்ணான்.

யாருக்கு இது சரிப்படும்னா பேனல் ஒயரிங் தெரிஞ்ச, மேனுவலைப் பொறுமையா படிக்கற ஆள் ஒருத்தர் உள்ளயே இருக்கற பட்டறைக்கு. ஜாவாஸ்க்ரிப்ட் கொஞ்சம் கத்துக்கணும், ஃபங்ஷன் கட்டத்துல அஞ்சு பத்து வரி எழுத வேண்டி வரும், யூட்யூப் பாத்து ரெண்டு மாசத்துல வந்துருச்சு எனக்கு. அப்படி ஆள் இல்லைன்னா வெளிய குடுத்துருங்க, ஆனா குடுக்கறப்ப அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்தப் பக்கம் ஓடிக்கிட்டு இருக்கறப்ப அந்தப் பக்கம் ரெண்டு மணி நேரம் ஆஃப் ஆனா என்ன ஆகும்? எங்ககிட்ட மூணரை லட்சம் சொன்னவங்ககிட்ட நான் அதைக் கேக்கல, அப்ப எனக்கே தெரியாது.

அஞ்சுக்கு நாலு குடுக்கறேன். அந்த ஒண்ணு வரிசைக்கும் பூட்டுக்கும் கொறைச்சது.

அக்கா இப்ப ஆறரைக்குக் கெளம்பறாங்க. ஆனா தராசு நோட்டை மட்டும் இன்னும் நிறுத்தல, பசங்க எழுதறதை எழுதட்டும்னு சொல்லிட்டாங்க, நானும் வேணாம்னு சொல்லல. மாசக் கடைசில நோட்டுல ஒருத்தர் டேலில ஒருத்தர்னு உக்காந்து டிக் போடறோம். போன மாசம் நோட்டுல 412 சீட்டு, டேலில 412.